சுத்ரிஸ்னோ என்றால் என்ன?

லண்டனில், டூட்டிங்கின் பெரிய வீதியிலிருந்து ஒரு திருப்பம் தள்ளியிருக்கும் மருந்துக்கடை ஒன்றில் பதினெட்டு வருடங்களாக மருந்தாளராக இருக்கிறேன். ஒரு மருந்துச் சீட்டு வந்தால் முதலில் என் கண் போவது பெயரில்தான். தொழிலுக்கு அது வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவருடைய மாத்திரை மற்றவருடைய பைக்குள் போய்விடும். ஆனால் உண்மையைச் சொன்னால், தொழிலுக்கு வேண்டியதற்கு மேலாகவே நான் பெயர்களைப் பார்க்கிறேன். போலந்துக்காரரின் குடும்பப் பெயர்களில் கடைசி எழுத்து ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு ஒன்றாகவும் வருவதை நானாகவே கண்டுபிடித்த அன்று, வேலை முடியும் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன்.

போன வருடம் குளிர் தொடங்கிய நேரத்தில் ஒரு சீட்டு வந்தது. கால்விரல் இடுக்கில் வருகிற கடிக்கு, அரிப்புக்குப் பூசுகிற ஒரு களிம்பு. குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சுத்ரிஸ்னோ. முதற்பெயர் இருக்கவேண்டிய இடத்திலும் சுத்ரிஸ்னோ. யாரோ கணினியில் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து மருத்துவர் நோயாளிகளைப் பார்க்கிற சேர்ஜரிக்குத் தொலைபேசி எடுத்தேன். வரவேற்பில் இருந்த பெண், "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அந்த மனிதர் களிம்பை எடுக்க வந்தார். அறுபது வயதிருக்கும். குள்ளமான, நேர்த்தியான ஆள். சட்டைப் பையில் ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் எட்டிப் பார்த்தது. பெயர் சரியா என்று கேட்டேன்.

"சரி" என்றார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசினோம். "எனக்கு ஒரு பெயர்தான். நான் ஜாவாக்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரு பெயர்தான். இந்த நாட்டுக் கணினிக்கு இரண்டு பெயர் வேண்டும். ஒன்றைக் காலியாக விட்டால் அது கோபிக்கிறது. அதனால் இருக்கிற ஒன்றையே இரண்டு முறை கொடுத்துவிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் கதையும் கிட்டத்தட்ட அதுதான். எங்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. நான் இங்கே வந்து இறங்கியபோது, அப்பாவின் பெயர் குடும்பப் பெயரின் கட்டத்துக்குள் போய்விட்டது. அதன் பிறகு வங்கியிலும் பல் மருத்துவரிடமும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா இந்த நாட்டைப் பார்த்ததே இல்லை. அவர் இறந்த வருடத்தில், காத்திருக்கிற அறைகளில் அவருடைய பெயர் கேட்டு நான் எழும்பிப் போகும்போது ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் அடிக்கும். இதை அந்த ஜாவாக்காரருக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டார். இருபது வருடம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை என்றார்.

அவர் போனதும், கவுண்டரில் நிற்கிற தங்கச்சி என்னிடம் திரும்பினாள். சொந்தத் தங்கச்சி இல்லை. மன்னாரைச் சேர்ந்தவள், ஆறு வருடமாக என்னோடு வேலை செய்கிறாள்.

"அக்கா, உது எங்கட பேர் மாதிரியெல்லோ கிடக்கு?"

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் படுது."

"சு-கிருஸ்ணன் எண்டதைத்தான் அவையள் அப்பிடிச் சொல்லுறினம் போல."

அதுவே சரியென்று பட்டது. நல்ல கிருஷ்ணன். ஆனால் வீட்டுக்குப் போகிற பேருந்தில் எனக்கு அது பொருந்தவில்லை. சீட்டில் இருந்தது 'த', 'க' இல்லை. ஒரு எழுத்து கடலைக் கடந்து போகும்போது இப்படி மாறுமா?

அடுத்த முறை அவர் வந்தபோது நேரடியாகவே கேட்டேன். கிருஷ்ணனா என்றதும் கையை ஆட்டி மறுத்தார். "கிருஷ்ணனை எங்களுக்கும் தெரியும். அவர் பெயர் எங்கள் வாயில் கிரெஸ்னோ. என் பெயரில் இருப்பது த்ரெஸ்னோ. பெயரில் வரும்போது த்ரிஸ்னோ." கவுண்டரில் கிடந்த துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். "பழைய எழுத்தில் கடைசியில் 'அ'தான். த்ரெஸ்ன. எங்கள் ஊரில் கடைசி 'அ'வை வாயைக் குவித்து 'ஓ' மாதிரிச் சொல்வோம். பெயரென்றால் 'ஓ' என்றே எழுதிவிடுவோம்."

"நீங்கள் முஸ்லிமா?" என்று கேட்டேன். அவர் முதல் நாள் நோன்பைப் பற்றி ஏதோ சொன்ன ஞாபகம்.

"ஓம், முஸ்லிம்தான். பெயர் ஜாவாப் பெயர். அது வேறு, இது வேறு. எங்கள் இமாமின் பெயரே சூரியனைப் பற்றியது."

அன்று அவர் வாங்க வந்தது அதே களிம்பு. முதல் குழாய் முடிந்தும் கடி போகவில்லை என்றார். நான் களிம்பை எடுத்துக் கொடுத்தபடி பெயரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசி 'ஓ'வை 'அ' ஆக்கியதும் மிச்சம் சுலபமாகிவிட்டது. சு, திருஷ்ணா. அந்தச் சொல்லை எங்கோ கேட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளியில் சைவசமயம் படித்தபோது, அர்த்தம் தெரியாமல் பாடமாக்கிய சொற்களில் ஒன்றாக இருக்கவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போனேன். பூசை முடிந்து சனம் கலைந்ததும் அங்கே நின்ற ஐயரிடம் கேட்டேன். என் மகனைவிட இரண்டு வயது இளையவராக இருப்பார். ஆனால் சமஸ்கிருதம் முறையாகப் படித்தவர்.

"ஐயா, சுதிருஷ்ணா எண்டு ஒரு பேர். என்ன கருத்து?"

"ஆருக்கம்மா? பேரப்பிள்ளைக்கோ?" அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் சுருங்கியது. "திருஷ்ணா எண்டால் தாகமம்மா. தண்ணி விடாய். பேராசை எண்டும் எடுக்கலாம். ஆசையை விடுங்கோ எண்டு சொல்லுற இடத்திலதான் அந்தச் சொல் வரும். 'சு' எண்டால் நல்ல. நல்ல பேராசை எண்டு ஆர் பிள்ளைக்குப் பேர் வைப்பினம்? வேண்டாமம்மா. கிருஷ்ணா எண்டு வையுங்கோ, ஒரு பிரச்சினையுமில்லை."

"எனக்கு இன்னும் பேரப்பிள்ளை இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். நோர்தேர்ன் லைன் ரயிலில் டூட்டிங் வரைக்கும் இதே யோசனைதான். தாகம் என்று ஒரு பிள்ளைக்குப் பெயர். வறண்ட வருடத்தில் பிறந்தவரோ? கிணறு வற்றிய ஊரோ?

மூன்றாம் முறை அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. நல்ல கூட்டம். அவருடைய முறை வந்ததும், சொல்லிவிடுகிற அவசரத்தில், "உங்கள் பெயருக்குக் கருத்து கண்டுபிடித்துவிட்டேன். தாகம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தாகமா? இல்லை, இல்லை. த்ரெஸ்னோ என்றால் அன்பு. எங்கள் பாஷையில் ஒரு பெண்ணிடம் சொல்வதென்றாலும் பிள்ளையிடம் சொல்வதென்றாலும் அந்தச் சொல்தான். சுத்ரிஸ்னோ என்றால் நல்ல அன்பு."

"அது உங்கள் பாஷையில். அது புறப்பட்ட இடத்தில் தாகம் என்று எங்கள் கோயில் ஐயர் சொன்னார்."

அவர் சட்டைப் பையில் இருந்த போத்தலை எடுத்து என் முன்னால் ஆட்டிக் காட்டினார். அது வெறுமையாக இருந்தது. "அப்படியென்றால் அதுவும் சரிதான். இன்று இது மூன்றாவது. வீட்டிலும் வாய் காய்ந்து காய்ந்து எழும்புகிறேன். தண்ணீர் குடிக்கிறதும் கழிப்பறைக்கு ஓடுகிறதும்தான் வேலை."

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். காலில் ஆறாத கடி. சட்டைப் பையில் எப்போதும் தண்ணீர். முதல் நாள் பார்த்ததைவிட அவருடைய கழுத்தைச் சுற்றி சட்டைக் கொலர் தளர்ந்து நின்றது. நீரிழிவின் அடையாளங்கள், மருந்தாளருக்குப் படிக்கிற முதல் வருடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியவேண்டியவை. இரண்டு முறை அவரோடு நின்று பேசியும், பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துப் பார்த்த நான் அந்த மனிதரைப் பார்க்கவில்லை.

கடையின் பின்னால் இருக்கும் சின்ன அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கையைக் கழுவச் சொல்லி, விரலில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்க்கிற கருவியில் வைத்தேன். எண் வரவில்லை. அளவு எல்லை தாண்டினால் அந்தக் கருவி எண் காட்டாது. 'மிக அதிகம்' என்பதற்கு HI என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டும்.

அவர் எட்டிப் பார்த்து, "எனக்கு ஹாய் சொல்கிறதே" என்றார்.

மற்ற விரலில் குத்தினேன். அதே இரண்டு எழுத்து. சேர்ஜரிக்குத் தொலைபேசி எடுத்து, மருத்துவரையே பேசக் கூப்பிட்டேன். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார். இவரோ, பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கவேண்டும், பின்னேரம் போகிறேன் என்று எழும்பினார். எழும்பியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, கோட்டைப் போடும். நீர் இவரோட போம்" என்றேன்.

அவள் டாக்சியைக் கூப்பிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போய் ஏறினாள். நான் தனியாக நின்று மிச்சச் சனத்துக்கு மருந்து கொடுத்தேன். அன்று ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பின்னேரம் அவள் திரும்பி வந்து, "சேலைன் ஏத்துறாங்கள் அக்கா. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் மயங்கியிருப்பாராம்" என்றாள். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. நான் நினைத்தபடி அவர் நன்றி சொல்லி முடித்துவிடவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"நீங்கள் சொன்னதையே யோசித்துக்கொண்டு கிடக்கிறேன். நான் பிறந்தபோது எனக்கு இந்தப் பெயர் இல்லை. வேறு பெயர். பெரிய பெயர். சின்ன வயதில் எனக்குத் தொடர்ந்து காய்ச்சலும் வருத்தமும் வந்ததாம். பெயர் பாரமாகிவிட்டது, பிள்ளையால் சுமக்க முடியவில்லை என்று அம்மா மாற்றினாராம். எங்கள் ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை. இப்போது பாருங்கள், மாற்றி வைத்த பெயருக்குத் தாகம் என்று கருத்து. தாகத்தோடேயே வந்து விழுந்திருக்கிறேன். ஊரிலே அக்கா இருக்கிறார். இதையும் மாற்றவேண்டுமா என்று அவரிடம் கேட்கவேண்டும்."

அவர் பகிடிக்குச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கப்பலில் உலகத்தைச் சுற்றிய மனிதர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். என் ஆர்வத்துக்காக ஒரு சொல்லை எடுத்து, வருத்தக்காரரின் கையில் கொடுத்திருக்கிறேன்.

அப்போது தங்கச்சி வாயைத் திறந்தாள். அவளுடைய ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். அதனால் என்னிடம் தமிழில் சொன்னாள்.

"அக்கா, இவருக்குச் சொல்லுங்கோ. சிலுவையில தொங்கேக்க ஆண்டவரும் தாகமெண்டுதான் சொன்னவர். அது தண்ணிக்குக் கேட்டதில்லை, சனத்தில வைச்ச அன்பிலதான் எண்டு எங்கட பங்குச் சாமியார் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் பிரசங்கம் வைக்கிறவர். தாகமும் அன்பும் ரெண்டில்லை."

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொன்று பிடிபட்டது. எங்கள் தமிழிலேயே அது இருக்கிறதே! தண்ணீர் விடாய்த்தால் பழைய தமிழில் நீர்வேட்கை. ஒருவர்மேல் மனம் போனால் அதுவும் வேட்கை. ஒரே சொல். அவ்வளவு நாள் சமஸ்கிருதத்தில் தேடியவள், வீட்டுக்குள் இருந்ததை விட்டுவிட்டேன். இதையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு சொல் வறண்ட தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்குப் போகிறது. சில பாஷைகளில் இரண்டு இடத்திலும் இருக்கிறது. உங்கள் பாஷையில் தொண்டையை விட்டுவிட்டு நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அவ்வளவுதான்.

"அப்படியென்றால் ஐயர் சொன்னது பிழையா?"

"பிழையில்லை. அவர் புறப்பட்ட இடத்தைச் சொன்னார். உங்கள் அம்மா வந்துசேர்ந்த இடத்தைச் சொன்னார்."

யோசித்தார். "அம்மா சொன்னதையே வைத்துக்கொள்கிறேன்" என்றார். ஆனால் முகம் முழுதாகத் தெளியவில்லை.

ஒரு மாதம் கழித்து, பள்ளிப் பிள்ளைகளின் சாப்பாடு முடிந்தபின், எங்கள் மதிய இடைவேளையில் கடைக்கு வந்தார். இப்போது மாத்திரைகள், சாப்பாட்டுக் கட்டுப்பாடு, காலுக்குத் தனிக் கவனிப்பு எல்லாம் நடக்கிறது. கடி ஆறியிருந்தது. "அக்கா உங்களைப் பார்க்கவேண்டுமாம்" என்று சொல்லித் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தார். பின்னறையில் நாங்கள் மூவரும் நெருக்கியடித்து நின்றோம். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, தலையில் வெள்ளைத் துணியோடு, திரையில் மிகக் கிட்ட வந்து எங்களைப் பார்த்தார். அவர் ஜாவா மொழியில் சொல்ல, இவர் எங்களுக்குச் சொன்னார்.

பெயர் மாற்றிய நாள் அந்த அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. தம்பிக்கு மூன்று. சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சினார்களாம். சிவப்புக்குப் பனங்கட்டி. அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, இன்றிலிருந்து பிள்ளைக்கு இந்தப் பெயர் என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

"முந்தின பெயர் என்ன?" என்று கேட்டேன். அடக்க முடியவில்லை.

அந்த அம்மா தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். சொல்லமாட்டாராம். அது இறக்கி வைத்த பாரம், இறக்கியதுதான்.

"இந்தப் பெயரை அம்மா ஏன் தெரிந்தெடுத்தார்? அன்பு என்பதாலா?"

இதற்கு அவர் நிறைய நேரம் பேசினார். அந்தப் பேச்சுக்குள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. மந்திரி. என் காது நிமிர்ந்தது. தங்கச்சி என்னை இடித்தாள். "அக்கா, மந்திரி எண்டு சொல்லுறா!"

இவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "மந்திரி என்றால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி ஆள். டாக்டர் இல்லை. ஊசி போடுவார், மருந்து கொடுப்பார், சைக்கிளில் ஊர் ஊராக வருவார். எனக்குக் காய்ச்சல் கிடந்தபோது ஒரு மந்திரி பதினொரு நாள் தொடர்ந்து வந்து ஊசி போட்டாராம். ஆற்றில் வெள்ளம் வந்த நாளிலும் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாராம். அவருடைய பெயர் சுத்ரிஸ்னோ. அம்மா கருத்துப் பார்த்து வைக்கவில்லை. அந்த மனிதரின் பெயரை வைத்தார்."

அரசனுக்குப் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்கிற மந்திரி, ஜாவாவுக்குப் போய்ச் சைக்கிளில் ஊசி கொண்டு வருகிறவராக மாறியிருக்கிறார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைவிட, நான் எழுத்துகளிலும் கோயிலிலும் தேடிய கருத்து, வெள்ளத்தைக் கடந்துவந்த ஒரு ஆளாக இருந்தது.

"இவருக்குப் பெயரை மாற்றவேண்டும் என்ற எண்ணம் வந்தது, தெரியுமா?" என்று அந்த அம்மாவிடம் சொல்லச் சொன்னேன். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். திரையில் அந்த அம்மா கோபத்தோடு ஏதோ கத்தினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னவாம்?"

"தன்னை உயிரோடு வைத்தவருடைய பெயரை மாற்ற இவனுக்கு விசரா என்று கேட்கிறார்." காது சிவந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கண்ட கலக்கம் அவருடைய முகத்தில் இல்லை. "அது மட்டுமில்லை. எங்கள் ஊரில் என்னுடைய வயதில் இன்னும் நாலு சுத்ரிஸ்னோ இருக்கிறார்கள். எல்லாரும் அந்த வருடத்துக் காய்ச்சல்காரர்கள். அதில் ஒருவன் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தவன். இவ்வளவு காலமாக அது தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

அழைப்பை வைக்க முதல் இன்னும் ஒரு கேள்வி என்னிடம் இருந்தது. அந்த மந்திரிக்கு அந்தப் பெயரை யார் வைத்தது? ஏன்? அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. மந்திரி வேறு ஊரிலிருந்து வந்தவராம், நாலைந்து வருடத்தில் மாற்றலாகிப் போய்விட்டாராம். அவருக்கு ஒரு மகள் இருந்தாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்தார்கள் என்று மட்டும் ஞாபகம்.

எங்கள் இடைவேளை முடிந்துவிட்டது. வெளியே இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். இவர் தன்னுடைய மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னேரச் சிற்றுண்டி செய்யவேண்டும் என்று பேருந்துக்கு ஓடினார். நன்றாகவே ஓடினார். தங்கச்சி கவுண்டருக்குப் போய் அடுத்த ஆளின் சீட்டை வாங்கினாள். நான் அந்த ஆளின் முகத்தை ஒருமுறை வடிவாகப் பார்த்துவிட்டு, பெயரை வாசித்தேன்.